ஓட்டுகிற வண்டி, உட்காருகிற வண்டி

உலகத்தார் கையிலிருக்கும் வேலையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மாசி மாதம் பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறக்கும் முன்பாக, விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் உள்ள தமது இல்லத்தில், ஒன்பது டிப்பர் லாரிகளின் அதிபதியான அரியமுத்து அவர்கள், ஜெர்மனி தேசத்துச் சொகுசு கார்கள் இரண்டில் எது தம் வாசலில் நிற்கத் தகுதி உடையது என்பதை முடிவு செய்யத் திருவுளம் கொண்டிருந்தார்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறு வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தபோதுகூட இந்த ஊர் இவ்வளவு பரபரப்பு அடையவில்லை.

கார் ஆசை வந்த கதை சிறியது. தை மாதத்தில் சிமெண்ட் கம்பெனி தன் ஒப்பந்தக்காரர்களுக்கு விருந்து வைத்தது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி, அரியமுத்துவின் பழைய அம்பாசிடரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையல் அண்டா இறக்கும் வண்டிகள் நின்ற பக்கம் கையைக் காட்டிவிட்டான். அன்றைக்கு அரியமுத்து ஐஸ்கிரீம் சாப்பிடவில்லை. 

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அறிவழகன் அடுத்த வாரமே ஒரு கார் பத்திரிகையோடு வந்து இறங்கினான். இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கு மூக்கின்மேல் வட்டத்துக்குள் நட்சத்திரம். இன்னொன்றுக்கு மூக்கே இரண்டு. ஊர் அவற்றுக்கு நட்சத்திர வண்டி, ரெட்டமூக்கு வண்டி என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டது.

“ரெண்டுமே அவனவன் கம்பெனியில ஆகக் கீழ்ப்படி வண்டிதாம்பா. இதுக்கு மேல இன்னும் நாலஞ்சு படி இருக்கு” என்றான் அறிவழகன்.

“அந்த ஒரு விஷயத்த மட்டும் வெளியில சொல்லிடாத” என்றார் அரியமுத்து.

“அதோட, இது ஓட்டுறவனுக்கான வண்டின்னும் அது உக்கார்றவனுக்கான வண்டின்னும் போட்டிருக்கான். ரெட்டமூக்க வாங்குனா நீங்களே ஓட்டணும்பா. டிரைவர் வச்சு ஓட்டுனா அந்த வண்டிக்கே அவமானம்.”

வாசலில் அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டிருந்த அங்கமுத்துவின் கை, கண்ணாடியில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கமுத்துதான் டிரைவர். அவனும் அரியமுத்துவும் ஒரே தெரு. முப்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லைத் தலையில் தூக்கி லாரியில் போட்டவர்கள். பிறகு இருவரும் லாரி ஓட்டினார்கள். பிறகு ஒருவர் லாரி வாங்கினார். அதுவரை ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அங்கமுத்து ஒரு நாள் காலையில் ‘மொதலாளி’ என்றான், அரியமுத்து திருத்தவில்லை. இருபது வருஷம் டிப்பர் ஓட்டியதில் அங்கமுத்துவின் முதுகெலும்பு தேய்ந்தது. இனி டிப்பர் சீட்டில் உட்கார்ந்தால் படுத்த படுக்கைதான் என்று அரியலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொன்னார். அதன் பிறகு ஆறு வருஷமாக அம்பாசிடர்தான் அவனுக்குச் சோறு.

வண்டி துடைத்து முடித்தபோது அரியமுத்து வெளியே வந்தார். பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டினார்.

“ஒண்ணும் ரோசன பண்ணாத அங்கமுத்து. நான் ரெட்டமூக்க எடுத்து நானே ஓட்டுனாலும் ஒன்ன வுட்டுடுவனா? ஏழாம் நம்பர் டிப்பர் சும்மாத்தான் நிக்குது.”

அந்த ஏழாம் நம்பருக்குப் பின்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அங்கமுத்து வீட்டுக்கு வந்தபோது அவன் பெண்டாட்டி காத்தாயி, பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச் செடியைக் கட்டுக் கட்டாக வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அரை ஏக்கர் மானாவாரி. மழை ஏமாற்றியதில் தப்பிப் பிழைத்தது.

“நாளைக்கு ரோட்டுல போடப் போறியா?” என்றான்.

“பின்ன, ஒன் தலையிலயா போடறது? வெயிலு நல்லா அடிக்குது. நாளைக்கே அடிச்சுத் தூத்தணும்.”

“நாளைக்கு வாணாம் காத்தாயி. மொதலாளி வூட்டுக்கு வண்டி ரெண்டு வருது.”

“வந்தா வரட்டுமே. ரெண்டு வண்டி கூட வந்தா ரெண்டு சுத்துக் கூட அடிபடும்.”

“அது முப்பது லச்ச ரூவா வண்டிடி.”

“முப்பது லச்சம்னா சக்கரம் கீழ படாம பறக்குமா?”

அங்கமுத்து சிரிக்கவில்லை. முருங்கைக்கீரைக் குழம்பும் சோறும் வைத்தாள். பிசைந்தானே தவிர, வாய்க்குப் போகவில்லை. கடைசியில் விஷயத்தைச் சொன்னான். ரெட்டமூக்கு வந்தால் முதலாளியே ஓட்டுவார். இவன் டிப்பருக்குப் போக வேண்டும்.

காத்தாயி சற்று நேரம் அவன் முதுகையே பார்த்தாள். அவள் தினமும் தைலம் தேய்க்கும் முதுகு.

“அண்ணன்கிட்ட வாயத் தொறந்து கேளேன்யா. ஒண்ணாக் கல்லு தூக்குனவங்கதானே?”

“என்னன்னு கேக்கறது? நீ கஷ்டப்பட்டு வாங்குற கார நீயே ஓட்டாதன்னா?”

“அப்ப நட்சத்திர வண்டி நல்ல வண்டின்னு சொல்லு.”

“எது நல்ல வண்டின்னு எனக்கே தெரியாதே.”

“தெரிஞ்சுகிட்டா இந்த ஒலகத்துல எல்லாரும் பேசறாங்க?” என்றாள் காத்தாயி.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் தார் ரோடு என்பது அரசாங்கம் போட்டுக் கொடுத்த களம். எள்ளோ கொள்ளோ உளுந்தோ, ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுக்கும். அதன் மேல் ஏறிப் போவதுதான் மரியாதை; ஒதுங்கிப் போகிறவன் அகராதி பிடித்தவன். மனசுள்ள லாரிக்காரன் பின்னால் எடுத்து இன்னொரு தடவை ஏற்றிவிட்டுப் போவான். அரியமுத்து லாரி ஓட்டிய காலத்தில் மூன்று தடவை ஏற்றுவார் என்று எட்டு ஊரில் பெயர். செடியை ஒதுக்கி வழி விடுவது என்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பாடைக்கு.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு கார்களும் ஊருக்குள் நுழைந்தன. சத்தமே இல்லை. வண்டி என்றால் துரத்திக்கொண்டு ஓடும் தெரு நாய்கள், இது வண்டிதானா என்று தெரியாமல் எழுந்து நின்று பார்த்தன. வெள்ளைச்சாமியின் டீக்கடையில் கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. கல் சுரங்கத்துத் தூசி படிந்து மரம், கூரை, கோழி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்ட தெருவில், கறுப்பாக ஒன்றும் வெள்ளியாக ஒன்றும், இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவை போல வந்து நின்றன. கதவைச் சாத்தினார்கள். நெல் மூட்டைமேல் பூனை குதித்த மாதிரி ஒரு சத்தம். “இன்னொரு தடவ சாத்துங்க சார்” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். சாத்திக் காட்டினார்கள்.

கறுப்பு ரெட்டமூக்கோடு வந்தவர் சென்னைக்காரர். அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். வெள்ளி நட்சத்திரத்தோடு வந்தவர் திருச்சிக்காரர், தொந்தி போட்டிருந்தார். அங்கமுத்து கறுப்பு வண்டியின் பக்கம் குனிந்தான். தன் வீட்டுக் கண்ணாடியில் தெரிவதைவிடத் துல்லியமாக அதில் அவன் முகம் தெரிந்தது. இவ்வளவு நரைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டான்.

அரியமுத்து பட்டு வேட்டியில் வெளியே வந்து பரிசோதனையைத் தொடங்கினார். முதலில் நான்கு டயரையும் காலால் உதைத்தார். பிறகு குனிந்து பின்பக்கம் பட்டை எத்தனை என்று எண்ணப் பார்த்தார். பட்டையே இல்லை என்றார் கோட்டுக்காரர். அரியமுத்துவின் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

“செரி, ஸ்டார்ட் பண்ணுங்க.”

“ஓடிட்டுத்தான் இருக்கு சார்.”

அரியமுத்து நம்பவில்லை. ஒரு டம்ளர் நிறைய மோர் கொண்டுவரச் சொல்லி எஞ்சின் மூடியின்மேல் வைத்தார். மோர் அசையவில்லை. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. எஞ்சின் ஓடும்போது தளும்பாத மோரை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. நட்சத்திர வண்டியின்மேலும் வைத்தார்கள், அங்கேயும் தளும்பவில்லை. மோரை அரியமுத்துவே குடித்தார்.

கோட்டுக்காரர் இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

“இதுல வெயிட்ட முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு சமமாப் பிரிச்சிருக்கோம் சார்.”

“பாதிப் பாதி வச்சா டிப்பர் தூக்காதேங்க.”

“அது வந்து... இன்னொண்ணு சார். இது பின் சக்கரம் தள்ளுற வண்டி. அதுதான் இதோட ரகசியமே.”

“எல்லா லாரிக்கும் பின் சக்கரந்தாங்க தள்ளுது” என்றார் அரியமுத்து. “நம்ம வூட்டுல ஒம்போது நிக்குது.”

அரியமுத்துவின் மனைவி அமிர்தவல்லி இரண்டிலும் பின்சீட்டில் ஏறிப் பார்த்தாள். ரெட்டமூக்கிலிருந்து இறங்கியவள், “கெணத்துல எறங்கற மாதிரி இருக்குங்க. காலு வைக்க எடமில்ல” என்றாள். நட்சத்திரத்திலிருந்து இறங்கியவள், “இதுவும் கெணறுதான். ஆனா இதுல படி இருக்கு” என்றாள். அதற்குமேல் அவளுக்கு அடுப்படியில் வேலை இருந்தது. விருந்தாளிகளுக்காக நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். திருச்சிக்காரர் வாசனை பிடித்துத் தம் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

“நான் மொதல்ல ரெட்டமூக்க ஓட்டிப் பாக்கறேன்” என்று அறிவித்தார் அரியமுத்து.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஏறினார். கோயிலுக்குள் போகிறவர் போல வலது காலை முதலில் வைத்தார். கோட்டுக்காரர் ஷூவோடு முன்சீட்டில் ஏறியதை ஊர் முகம் சுளித்துப் பார்த்தது. அங்கமுத்துவும் செருப்பைக் கழற்றினான். முன்னால் இடமில்லாததால் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளி ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்தான். முட்டி நெஞ்சில் இடித்தது.

“எங்க போலாம் சார்?”

“கம்பெனி கேட்டுக்கு” என்றார் அரியமுத்து. ஐஸ்கிரீம் அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ரோட்டில் கொள்ளு. முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிட்டு, காத்தாயி புளியமரத்தடியில் செடியைப் புரட்டும் கவையோடு நின்றிருந்தாள்.

“சார், ஓரமா! ஓரமாப் போங்க! அடியில சிக்கிக்கும்!” என்று கோட்டுக்காரர் கத்தினார்.

“செடிய ஒதுங்கிப் போற வழக்கம் எனக்கு இல்லீங்க” என்று சொல்லி, எட்டு ஊர்ப் பெயரைக் காப்பாற்றும் விதமாக அரியமுத்து நேராக ஏற்றினார்.

சக்கரம் வழுக்கியது. வழுக்கியதும் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. எதிரே மஞ்சளாக ஒரு விளக்கு மினுக்கியது. அரியமுத்து மிதிக்க மிதிக்க, வண்டி கொள்ளுமேல் வயிற்றை வைத்து மரியாதையாக நின்றுவிட்டது.

“வழுக்குற எடத்துல அதுவே நிதானமாயிடும் சார். இது ஸேஃப்டி” என்றார் கோட்டுக்காரர். “நூத்தம்பது குதிரை சக்தி சார், அத அடக்க வேணாமா?”

காத்தாயி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

“நூத்தம்பது குதிரையா? அதாண்ணே, கொள்ளப் பாத்ததும் நின்னுடுச்சு.”

புளியமரத்தடிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அரியமுத்துவின் காது சிவந்தது. அங்கமுத்து இறங்கி, அடியில் சுற்றிய செடியைக் கையால் இழுத்துப் போட்டு, “கால எடுத்துடுங்க மொதலாளி. தானா உருளட்டும்” என்றான். வண்டி மெல்லப் பின்னால் உருண்டு வெளியே வந்தது. கோட்டுக்காரரின் மானத்துக்காக இந்த முறை ஓரமாகப் போனார்கள்.

கம்பெனி கேட்டில் அதே செக்யூரிட்டி. கறுப்பு வண்டியைத் தூரத்தில் கண்டதுமே பீடியை மிதித்து அணைத்தான். தொப்பியைச் சரி செய்தான். அரியமுத்து கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார். இந்த வினாடிக்காகத்தான் ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்தார். செக்யூரிட்டி அந்த முகத்தைத் தாண்டிப் போனான். பின்கதவைத் திறந்தான். காலைச் சேர்த்து, அங்கமுத்துவுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

“வணக்கம் சார். எம்.டி. உள்ளதான் இருக்காரு சார்.”

அங்கமுத்து மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவன் கை, அவனைக் கேட்காமலே மேலே எழுந்து அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டது.

செக்யூரிட்டி முன்பக்கம் திரும்பினான். “டிரைவர், சார எறக்கிவுட்டுட்டு வண்டிய வேப்ப மரத்துப் பக்கம் போடு. இவ்ளோ பெரிய வண்டி ஓட்டுற, காலுல ஒரு செருப்பு போட மாட்டியாய்யா?”

“ஏம்பா, அவருதான் ஓனர்” என்றார் கோட்டுக்காரர்.

செக்யூரிட்டி பட்டு வேட்டியைப் பார்த்தான், வெறுங்காலைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான். “வெளையாடாதீங்க சார். ஓனர் எங்கயாவது ஓட்டுவாரா?”

அரியமுத்து வண்டியைத் திருப்பினார். அரை மைல் போனதும் ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

“நீ எடு” என்றார் அங்கமுத்துவைப் பார்த்து. பின்சீட்டில் ஏறி முட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அங்கமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். இருபத்தாறு வருஷம் அவன் பிடித்த எதுவும் இப்படிக் கைக்குள் அடங்கியதில்லை. காலை லேசாக வைத்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ உள்ளங்கையை வைத்து, அன்பாக, ஆனால் எதிர்ப்பேச்சு இல்லாமல் தள்ளுவது போல இருந்தது. திருப்பம் வந்தது, அவன் திரும்ப நினைத்தான், வண்டி திரும்பியிருந்தது. லாரி என்றால் கெஞ்ச வேண்டும். அம்பாசிடர் என்றால் சண்டை போட வேண்டும். இது அவன் மனசுக்குள் உட்கார்ந்துகொண்டு ஓடியது. நேர் ரோடு வந்தபோது முள் நூற்று நாற்பதைத் தொட்டது. இரண்டு பக்கமும் பனைமரங்கள் ஒன்றாகக் கலந்து ஒரு சுவராயின. முதுகு வலிக்கவில்லை. முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவன் கண்ணில் நீர் வந்தது; ஏ.சி. காற்று என்று நினைத்துக்கொண்டான்.

பின்னாலிருந்து அரியமுத்துவின் குரல் வந்தது. வெகுநாளாகக் கேட்காத குரல்.

“மச்சான்... இன்னும் கொஞ்சம் மிதிடா.”

மிதித்தான். கோட்டுக்காரர்கூட தான் விற்க வந்தவர் என்பதை மறந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

புளியமரம் தெரிந்தபோது அங்கமுத்து காலை எடுத்தான். கொள்ளு இப்போது ரோட்டில் இல்லை. இரண்டு ஓரத்திலும் கரை போலக் குவித்து, நடுவில் சுத்தமாகப் பெருக்கி வழி விட்டிருந்தார்கள். கவையை ஊன்றிக் காத்தாயி நின்றாள்.

“ஒங்க வண்டிக்குத்தாண்ணே ஒதுக்கி வச்சோம். பாவம், சிக்கிக்குதேன்னு...” என்று ஆரம்பித்தவள், அரியமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அரியமுத்து இறங்கினார். பெருக்கி விட்ட வழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“எனக்கா ஒதுக்குன?”

“அய்யோ அண்ணே, நான் அப்படி நெனச்சு...”

கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு, ஒதுக்கிய வழியில் கால் படாமல், குவித்திருந்த கொள்ளின்மேல் ஏறி மிதித்துக்கொண்டே அவர் வீட்டுக்கு நடந்தார். கார் பின்னால் ஊர்ந்தது.

வாசலில் நட்சத்திர வண்டி விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அது எங்கும் போகவில்லை; ஆகவே எந்தத் தப்பும் செய்யவில்லை. திருச்சிக்காரர் இரண்டாவது கோழிக்காலில் இருந்தார்.

அரியமுத்து தம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு அங்கமுத்துவைத் தனியாக அம்பாசிடர் பக்கம் அழைத்துப் போனார்.

“நீதான் ஓட்டிப் பாத்தவன். உண்மையச் சொல்லு. ரெட்டமூக்கு எப்படி?”

அங்கமுத்து கறுப்பு வண்டியைப் பார்த்தான். அதன் பக்கத்தில் ஊர்க் கூட்டம் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல வண்டி என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அது வரும். வந்தால், கம்பெனி கேட்டில் பட்ட அவமானம் ஆறியதும் ஒரு நாள், இன்று அவன் உட்கார்ந்த இடத்தில் மச்சான் உட்காருவார். பின் பட்டை உடைந்த ஏழாம் நம்பர் அவனுக்காக நின்றுகொண்டிருக்கும்.

“அது... ஓட்டுறவனுக்கு வண்டி.”

“நட்சத்திரம்?”

“அது உக்கார்றவங்களுக்கு.”

“நான் யாருடா மச்சான்?”

அங்கமுத்து அம்பாசிடரின்மேல் கிடந்த துணியை எடுத்தான்.

“நீங்க உக்கார்றவங்க மொதலாளி.”

அரியமுத்து தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், திருச்சிக்காரர் கை கழுவுவதற்குள் சம்மதத்தைச் சொல்லிவிட்டார். அப்போது மணி பத்து இருபத்தைந்து. ராகு காலத்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கறுப்பு வண்டி சத்தமில்லாமல் ஊரைவிட்டுப் போனது. ரோட்டு வளைவில் அது மறையும்வரை அங்கமுத்து அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டு நின்றான், ஒரே இடத்தில்.

பங்குனியில் நட்சத்திர வண்டி வந்தது. அங்கமுத்துவுக்கு வெள்ளை உடுப்பும் தொப்பியும் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் சுண்ணாம்புத் தூசி படிந்து, காரும் தொப்பியும் அம்பாசிடர் நிறத்துக்கு வந்துவிட்டன.

காத்தாயியின் கொள்ளுச் செடியை, கார்கள் வந்துபோன மறுநாளே பன்னிரண்டு மணி டவுன் பஸ் அடித்துக் கொடுத்திருந்தது.